நூறு டிகிரிச் சூட்டுக்கு ஏன் இவ்வளவு ஏளனம்?

காற்றில் கலந்த கரியமில வாயுவை இயந்திரம் வைத்துப் பிடிப்பது பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கலந்துரையாடலில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை, பார்த்தவர்கள் பார்த்தீர்கள். "ஐஸ்லாந்தில் மின்விசிறி வைத்துக் காற்றைக் கழுவுகிறார்களாம்" என்ற ஒற்றை வரிக்கு எவ்வளவு கைதட்டல்! நான் பேசியதோ அதற்குத் தேவையான வெப்பத்தைப் பற்றி. அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 0.04 சதவீதம்தான். மின்விசிறி இழுக்கும் காற்று உறிஞ்சுபொருள் வழியே போகும்போது அந்த வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிரித்தெடுக்க நூறு டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்ற வேண்டும். இந்த முறைக்குத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தச் சூட்டுக்கே போகிறது. நிலக்கரியை எரித்து அதைப் பெற்றால் கேலிக்கூத்துதான். அதனால்தான் 2021இல் ஐஸ்லாந்தில் ஓர்கா என்ற வாயு பிடிக்கும் ஆலையை, நிலத்தடிச் சூட்டில் இயங்கும் ஹெல்லிஷெய்தி புவிவெப்ப நிலையத்தை ஒட்டிக் கட்டினார்கள். பிடித்த வாயுவை நீரில் கரைத்து பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அங்கு நடந்த சோதனையில் இரண்டே ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி கல்லாகிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொதிகலன் பிரிவில் இருந்தேன். வீணாக வெளியேறும் ஆவியைக் காட்டிக் கேட்டால், "இந்தச் சூடு எதற்கும் உதவாது, உன் வேலையைப் பார்" என்பார் மூத்த பொறியாளர். டர்பைனுக்கு உதவாதுதான். வாயுவைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு அந்தச் சூடு போதும் ஐயா! வெப்பம், வெப்பம் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

"மரம் நடலாமே?" நடுங்கள், யார் தடுத்தது? காடு பற்றி எரிந்தால் பிடித்ததெல்லாம் வானத்துக்கே திரும்பும். கல் எரியாது.

"அந்த மின்சாரத்தை மக்களுக்குக் கொடுக்கலாமே?" ஐஸ்லாந்தின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீரிலிருந்தும் புவிவெப்பத்திலிருந்தும்தான் வருகிறது. அந்த மின்சாரத்தைக் கொடுத்து மூடுவதற்கு அங்கே எந்த நிலக்கரி நிலையம் இருக்கிறது?

"அளவு மிகச் சிறியது." இது நியாயமான கேள்வி. ஐஸ்லாந்தில் 2024இல் தொடங்கிய, வாயு பிடிக்கும் இன்னொரு ஆலையான மாமத்தின் அறிவிக்கப்பட்ட திறன் ஆண்டுக்கு 36,000 டன். முதல் ஆண்டில் அதன் அருகில்கூட வரவில்லை. புதைபடிவ எரிபொருளால் உலகம் ஆண்டுதோறும் வெளியிடுவதோ 3,700 கோடி டன்னை ஒட்டியது. முதலில் புகையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதையும் அன்றே சொன்னேன். ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்டதை என்ன செய்வது என்று கேட்டதற்குத்தான் எனக்கு "எண்ணெய் நிறுவனக் கூலி" பட்டம்.

பத்து ரூபாய்கூட வாங்காத கூலி! எண்ணெய் நிறுவனங்கள் தொடர்ந்து புகை விட இதைச் சாக்காகப் பயன்படுத்தும் என்றால் அவர்களிடம் போய்ச் சண்டையிடுங்கள், உங்களோடு நானும் வருகிறேன். அந்தச் சொல்லை நீக்கச் சொல்லிப் பட்டம் கொடுத்தவருக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். பதிலாக ஒரு சிரிப்புப் பொம்மை வந்திருக்கிறது.