ஈ வேறு, எலி வேறு: ஒரு திருத்தம்
பழ ஈயின் உணர்கொம்பு நரம்பு மூளையில் எங்கே இணைய வேண்டும் என்பதை அதன் மண ஏற்பிதான் (மணத்தை உணரும் புரதம்) தீர்மானிக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சுண்டெலியில் ஏற்பிக்கு அப்படிப் பெரிய பங்கு உண்டு. ஈயில் கதையே வேறு. அங்கே நரம்பு இழை மூளையில் தன் முடிச்சை (ஒரே வகை மண நரம்புகள் வந்து இணையும் சிறு உருண்டை) போய்ச் சேர்ந்த பிறகுதான் ஏற்பி உருவாகவே தொடங்குகிறது! ஓஆர்22ஏ என்ற மண ஏற்பியை நீக்கிய ஈக்களிலும் அந்த ஏற்பிக்குரிய நரம்பு வழக்கமான முடிச்சுக்கே போனது, அந்த நரம்புக்கு மணம்தான் தெரியவில்லை.

வேலையைச் செய்பவை வளர்ச்சி மரபணுக்கள். அவற்றில் ஒன்றான ஏசிஜே6 பல நரம்புகளில் எந்த ஏற்பி, எந்தப் பாதை என்ற இரண்டிலும் தலையிடுகிறது. உணர்கொம்பில் உள்ள ஒரே உணர்மயிருக்குள் பிறக்கும் உடன்பிறப்பு நரம்புகளைப் பிரித்து வேறுவேறு முடிச்சுக்கு அனுப்புவதில் நாட்ச் என்ற, செல்களுக்கிடையேயான சமிக்ஞைக்குப் பங்குண்டு. ஏற்பியும் இணைப்பும் பொருந்தி வருவது இதனால்தான். ஒன்று மற்றொன்றை உண்டாக்குவதால் அல்ல.