இரண்டரை நூல்

(குளச்சலில் கடற்கரையை ஒட்டிய ஓர் இரும்புக்கடை. தம்பி ஒருவன் ஊறுகாய் பாட்டிலோடு வருகிறான்.)

தம்பி: அண்ணாச்சி, ஒரே ஒரு நட்டு வேண்டும்.

அண்ணாச்சி: பாட்டில் நிறைய வைத்திருக்கிறாயே மக்கா!

தம்பி: நாற்பது இருக்கிறது, ஒன்றும் சேரவில்லை. மோட்டாரைப் போட்டால் ஸ்டாண்டை விட்டு இறங்கிக் கிணற்றை எட்டிப் பார்க்கிறது.

அண்ணாச்சி: போல்ட்டைக் காட்டு. அடப்பாவி, மரையெல்லாம் வழுக்கையாகிக் கிடக்கிறதே!

தம்பி: இரண்டு சுற்று அழகாகப் போனது. அப்புறம் நின்றுவிட்டது. ஸ்பானரில் பைப்பைச் சொருகி ஒரு தம் பிடித்தேன்.

அண்ணாச்சி: நட்டு எட்டு எம்எம், போல்ட் இரண்டரை நூல். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டரை நூல் என்றால் 7.94 எம்எம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எட்டு எம்எம்மில் மரைக்கு மரை 1.25 எம்எம், இதில் 1.4. கையால் சுற்றிப் போகாத நட்டை ஸ்பானரால் மிரட்டலாமா?

தம்பி: சரி, துருப்பிடிக்காத ஜாதியாகக் கொடுங்கள். போன தடவை வாங்கிய ஸ்டீலிலேயே செம்புள்ளி.

அண்ணாச்சி: அது 304 ரக ஸ்டீலாக இருக்கும். கடல் காற்றுக்கு 316தான். விலை கூட, கேட்டியா?

தம்பி: காந்தம் வைத்துப் பார்த்துத்தானே வாங்கினேன்!

அண்ணாச்சி: இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது டே. போல்ட் தலையில் 316க்கு அடையாளமாக ஏ4 என்று அடித்திருக்கிறதா பார். பேசாமல் போல்ட், நட்டு இரண்டையும் எட்டு எம்எம்மில் எடு. பூட்டும்போது மரையில் கிரீஸ் தடவி மெல்லச் சுற்று. அவசரப்பட்டால் ஸ்டீலை ஸ்டீல் கவ்விக்கொள்ளும், அப்புறம் ஹேக்ஸா பிளேடும் வாங்க வருவாய்.

தம்பி: அதையும் இப்போதே கொடுத்துவிடுங்கள்.

அண்ணாச்சி: கழற்றியதும் நட்டை அதன் போல்ட்டிலேயே மாட்டி வைத்திருந்தால் இந்த ஜோடி தேடுகிற பாடு உண்டா?

தம்பி: அப்படித்தான் வைத்தேன். பதினைந்து ஜோடி இப்போது பிரிய மாட்டேன் என்கிறது.

அண்ணாச்சி: ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருக்க வேண்டும். கொட்டு, பிரித்துத் தருகிறேன்.

(கொட்டுகிறான். மேசையில் இருந்த கடைத் தட்டும் சேர்ந்து கவிழ்கிறது.)

அண்ணாச்சி: போச்சு! இதில் உன்னுடையது எது, என்னுடையது எது?

தம்பி: சுலபம் அண்ணாச்சி. துருப்பிடித்ததெல்லாம் என்னுடையது.

அண்ணாச்சி: (குனிந்து பார்த்து, மெதுவாக) அப்படிப் பிரித்தால் பாதிச் சரக்கை நீ கொண்டுபோய்விடுவாய் மக்கா.