ரோடு டாக்ஸ் காரோடு சேர்ந்து வராது

பிரிட்டனில் பழைய கார் வாங்கினால், விற்றவர் கட்டிய ரோடு டாக்ஸில் மீதி மாதங்கள் நமக்கு வரும் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். முன்பு அப்படித்தான் இருந்தது. 2014 அக்டோபர் 1 முதல் இல்லைங்க. விற்றவர் வண்டி கைமாறியதை டிவிஎல்ஏவுக்கு (வண்டிப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பு) தெரிவித்ததும், மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணம் அவருக்கே திரும்பிவிடும். காரோடு கூடவே வருவது எம்ஓடி (வண்டி ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திர சோதனைச் சான்று) மட்டும்தான். குழப்பம் அதனால் இருக்கலாம்.

சரிபார்க்க, டிவிஎல்ஏ தளத்தில் வண்டி எண்ணைப் போடுங்கள். வாங்கிய அன்று 'டாக்ஸ் உண்டு' என்று காட்டினாலும் அது பழையவருடையது. லாக்புக்கில் (வண்டிப் பதிவு ஆவணம்) வாங்குபவருக்குக் கிழித்துத் தரும் பச்சைச் சீட்டில் உள்ள 12 இலக்க எண்ணை வைத்து, சாவி வாங்கிய இடத்திலேயே போனில் கட்டிவிட்டு வண்டியை எடுக்கலாம்.