தேய்ந்த புஷ்ஷைப் பார்த்துத் தேய்ந்த புஷ்ஷே செய்து தரப்படும்

இது நாலாவது புஷ், அதாவது எங்கள் ஆயில் இன்ஜினுக்குள் பின் ஆடாமல் இருக்கப் போடுகிற சின்ன உலோகக் குழாய். நாலையும் திண்ணையில் வரிசையாக வைத்திருக்கிறேன், வருகிறவர் போகிறவர் எல்லாம் "என்ன, இப்பவே கொலுவா?" என்று கேட்கிறார்கள். கொலுதான். ஒரு மாதமாக மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் என்று லேத் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, காசு கொடுத்து வாங்கி வந்த பொம்மைகள். நாலில் ஒன்றுகூட இன்ஜினில் ஒழுங்காக உட்காரவில்லை.

எங்களுக்கு நிலம் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில். ஜூன் 12ல் மேட்டூரைத் திறந்துவிட்டோம் என்று டிவியில் பூத்தூவிக் காட்டுவார்கள், அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, முறை வைத்து விட்டு, எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பூ காய்ந்து சருகாகியிருக்கும். வந்தாலும் வாய்க்கால் பள்ளத்தில், வயல் மேட்டில். இறைத்துத்தான் ஏற்ற வேண்டும். போர் போட்டால் உப்புத் தண்ணீர். அதனால் தாத்தா வாங்கிப் போட்ட ஆயில் இன்ஜின்தான் இன்றைக்கும் எங்களுக்குக் கதி. பழைய லிஸ்டர் வகை, ஆறு ஹெச்பி, நிமிடத்துக்கு 650 சுற்று, இரண்டு பக்கமும் வண்டிச் சக்கரம் மாதிரி பிளைவீல். இங்கிலாந்தில் 1930 வாக்கில் வந்த டிசைன், அப்புறம் ராஜ்கோட்டில் அதை அச்சு அசலாக வார்த்து ஊர் ஊராக விற்றார்கள். டுப் டுப் என்று நிதானமாக அடிக்கும், ராத்திரி முழுக்க ஓடினாலும் கோபித்துக்கொள்ளாது.

இந்த வருஷம் அந்த டுப் சத்தத்தோடு 'டக்' என்று ஒன்று சேர்ந்துகொண்டது. ஹெட்டைக் கழற்றி பிஸ்டனை மேலே உருவிப் பார்த்தால், கன்ராடின் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற தண்டு) மேல் கண்ணில், பிஸ்டனைக் கோர்க்கிற பின் நுழையும் இடத்தில், இருக்கிற புஷ் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. சின்ன வேலைதானே என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் தப்பு.

கடையில் ரெடிமேட் புஷ் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்பா காலத்தில் ஒருமுறை அந்தக் கண்ணையே போரிங் போட்டுப் பெரிசாக்கி, வெளிவிட்டம் கூடுதலான புஷ் அடித்திருக்கிறார்கள். கடைப் புஷ்ஷை உள்ளே போட்டால் பாயாசத்தில் போட்ட முந்திரி மாதிரி மிதக்கிறது. சரி, கடைந்து வாங்கிவிடலாம் என்று முதல் பட்டறைக்குப் போனேன். "சாம்பிள் இருக்கா தம்பி?" இருந்தது, கொடுத்தேன். வெர்னியர் அளவுகோலை எடுத்து உள்ளே ஒரு தரம், வெளியே ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டு "நாளைக்கு வா" என்றார். அந்த நாளை ஆறு நாள் கழித்து வந்தது. வாங்கிவந்து பின்னைப் போட்டால் கடகடவென்று ஆடுகிறது. ஏன் ஆடாது? நான் கொடுத்தது தேய்ந்த புஷ். அதை அப்படியே அளந்து, அந்தத் தேய்மானத்தையும் சேர்த்து, புத்தம் புதுசாக ஒரு தேய்ந்த புஷ் கடைந்து கொடுத்திருக்கிறார். "அண்ணே, பின்னையும் கன்ராடையும் அளந்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி கடையுங்கண்ணே" என்றேன். "சாம்பிள் என்ன இருக்கோ அதத்தானே தம்பி செய்ய முடியும்?"

இந்த ஒரு வாக்கியத்தை நான் மூன்று ஊரில் கேட்டுவிட்டேன்.

இரண்டாவது பட்டறைக்கு உஷாராகக் கன்ராடையும் பின்னையும் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அதற்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் வேறு. இவர் அளந்தார், நன்றாகவே அளந்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி உள் துளையை வெளியிலேயே முடித்துவிட்டு, அப்புறம் புஷ்ஷைக் கண்ணுக்குள் அடித்து ஏற்றினார். இறுக்கமாக ஏற்றினால் உள் துளை சுருங்கும் என்பது தெரியாதா? கொஞ்சம் மெட்டல் விட்டு வைத்து, ஏற்றிய பிறகு துளையை நயமாகச் சீவி விரிக்கிற ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவருவதுதானே வழக்கம்? பின் உள்ளே போகவில்லை என்றதும் ஐயா என்ன செய்தார் தெரியுமா, எமரி பேப்பரை விரலில் சுற்றிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்துவிட்டார். பல் விளக்குகிற மாதிரி. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி தலைமுடி கனம்கூடக் கிடையாது, அதை இவர் விரல் முடிவு செய்கிறது! ஒரு ஓரம் பிடிக்கிறது, மறு ஓரம் ஆடுகிறது. அதற்கும் முந்நூறு ரூபாய்.

மூன்றாவது ஆள் அளவு சரியாகத்தான் போட்டார், ஆனால் மெட்டலில் கைவைத்துவிட்டார். கன்மெட்டல் என்று தெளிவாகச் சொல்லி, அதற்கான காசையும் முன்னாலேயே கொடுத்துவிட்டு வந்தேன். 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம், அந்தக் காலத்தில் பீரங்கி வார்த்த உலோகம், அதனால்தான் அந்தப் பேர். வந்தது தங்கம் மாதிரி மஞ்சளாகப் பளபளக்கிறது. பித்தளை. கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, இதுவும் தேயாது" என்கிறார். எல்லாம் ஒன்று என்றால் பித்தளை விலையைத்தானே வாங்கியிருக்க வேண்டும்?

இதற்கு நடுவில் எக்ஸாஸ்ட் (புகை போகிற வழி) பக்கத்து ஸ்டட், அதாவது தலையில்லாத மரை ஆணி, ஒன்று கழற்றும்போதே முறிந்து தொலைந்தது. அரை அங்குல ஸ்டட். பழைய இங்கிலீஷ் இன்ஜின், விட்வொர்த் மரை, அங்குலத்துக்கு 12 மரை என்று ஒரு பட்டறைக்காரரிடம் சீட்டில் எழுதியே கொடுத்தேன். அரை அங்குலம் என்று பார்த்ததும் அவர் கையில் கிடந்த அமெரிக்க அளவு டையை (மரை வெட்டுகிற கருவி) போட்டு 13 மரை வெட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு சுற்று ஜோராகப் போகும், மூன்றாவது சுற்றில் இறுகும், சரிதான் நன்றாகப் பிடித்துவிட்டது என்று ஸ்பேனரைப் போட்டு ஒரு தம் கொடுத்தால், தீர்ந்தது கதை, பிளாக்கில் இருக்கிற நல்ல மரையும் போச்சு. 12க்கும் 13க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்கிறார் மனுஷர். மாத்திரை 12 எழுதினால் 13 போட்டுக்கொள்வாரா?

எனக்கு எரிச்சல் எங்கே வருகிறது என்றால், இது நடப்பது ஏதோ கைவேலை தெரியாத சீமையில் இல்லை. சுவாமிமலையில் மெழுகில் உரு பிடித்து, களிமண் பூசி, உருக்கி ஊற்றி, விரல் நகம்கூடப் பிசகாமல் நடராஜரை எடுக்கிறார்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குத் தண்டைக் கடைந்து மரை போட்டுத் தருகிறார்கள், பாட்டி வீட்டு விளக்கை இன்றைக்கும் ஐந்து துண்டாகக் கழற்றித் தேய்த்துத் திரும்ப மாட்டினால் ஒரு துளி எண்ணெய் கசியாது. அதே மண்ணில், பஸ் ஏறினால் அரை மணி நேரத் தொலைவில், எனக்கு ஒரு உருண்டைக் குழாய், ஒரே ஒரு உருண்டைக் குழாய் கிடைக்க மாட்டேன் என்கிறது.

கோயம்புத்தூர் பக்கம் கம்ப்யூட்டர் வைத்துக் கடைகிற ஒரு சிஎன்சி பட்டறைக்கு போன் போட்டேன். ரொம்ப மரியாதையான பையன். "டிராயிங் அனுப்புங்க சார், எத்தனை பீஸ்?" ஒன்று என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். நூறு பீஸ் என்றால் பேசலாமாம். என்னிடம் இருப்பது ஒரு இன்ஜின், அதற்கு ஒரு பிஸ்டன். மிச்சம் 99 புஷ்ஷை நான் என்ன வளையலாகவா போட்டுக்கொள்வது?

அப்புறம் அறிவுரைக்குக் குறைவே இல்லை. "அத இரும்புக்குப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கேன்" என்று சொல்லாத ஆள் தெருவில் கிடையாது. சித்தப்பாவும் அதையேதான் சொன்னார், அவர் போன வருஷம் வாங்கிய புது இன்ஜின் இப்போது எந்தப் பட்டறையில் கிடக்கிறது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை, சொந்தம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் முறைத் தண்ணீர் வந்து இன்றோடு மூன்று நாள். நாற்றங்கால் வாடிவிடும் என்று பக்கத்து ஊரில் வாடகை இன்ஜின் பிடித்து இறைக்கிறேன், மணிக்கு இவ்வளவு என்று அது ஒரு பக்கம் குடிக்கிறது, டீசல் தனி. எங்கள் இன்ஜின் பிஸ்டன் இல்லாமல் வாயைத் திறந்தபடி சாக்கு போர்த்திக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறது. நேற்று ராத்திரி எட்டரைக்கு நாலாவது பட்டறைக்காரரிடமிருந்து போன். அவர் கடைந்த புஷ்ஷும் பொருந்தவில்லை என்று மத்தியானமே சொல்லியிருந்தேன்.

"தம்பி, ஒண்ணும் கவலப்படாத, செஞ்சிடலாம். அந்தப் பழைய புஷ் இருக்குல்ல, அத ஒரு சாம்பிளுக்கு எடுத்துட்டு வந்துடு."