ரெண்டு பால்மா பக்கட்டும் என் ஆட்டோவும்

போன வெள்ளிக்கிழம எங்க கோயில் திருவிழா மேடையில என்ன நடந்திச்சுன்னு நான் திரும்ப சொல்லத் தேவையில்ல, வந்தவங்க கேட்டீங்க, வராதவங்களுக்கு வீடியோ வந்திருக்கும். "ரெண்டு பால்மா பக்கட்டுக்கு பெத்த ஆத்தாள வித்தவனுங்க." பால் பவுடர் பக்கட்டுக்காக கிறிஸ்தவ சபைக்கு மாறினவங்களத்தான் சொன்னாரு, பேர் சொல்லல. சொல்லாட்டி என்ன, எங்க தேயிலத் தோட்டத்துல இந்தக் கொஞ்ச வருசத்துல புதுசா சபைக்குப் போற ஆம்பள நான் ஒருத்தன் தான். அந்த மைக் செட்ட நோர்வூட்ல இருந்து ஏத்திக்கிட்டு வந்தது யார் ஆட்டோன்னு பேசினவருக்குத் தெரியுமோ என்னமோ. சாமி காரியம்னு ஹயர் காசு கூட வாங்கல.

சரி, பால்மாவுக்கே வருவோம். நான் முதல்முதலா ஜெபத்துல போய் உக்காந்தது 2022ல, இலங்கையில எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடு வந்த வருசம். அந்த மார்ச்சுலயே 400 கிராம் பக்கட் 790 ரூவா, அப்புறம் காசு இருந்தாலும் கடையில இல்ல. நாடே பாலில்லாத சாயத்தண்ணி டீ குடிச்சிக்கிட்டு இருந்தப்ப எங்க பாஸ்டருக்கு மட்டும் எந்தக் கப்பல்ல பால்மா வந்திச்சாம்? எனக்குக் கெடச்சதும் ஒரு டின் கோப்ப சாயத்தண்ணி தான், அதுக்கும் சீனி இல்ல.

19 வயசுல கொழும்பு புறக்கோட்டைக்கு வேலைக்குப் போனவன் நான். 27 வருசம் ஒரே புடவக் கடையில துணி கிழிச்சேன். கடைய மூடினப்ப ரெண்டு மாச சம்பளத்த கையில குடுத்தாங்க, அப்பதான் என் ஈபிஎப் சேமிப்புக் காச ஒழுங்கா கட்டவே இல்லன்னு தெரிய வந்திச்சு. 46 வயசுல ஒரு பேக்கோட ஹட்டன் ஸ்டேசன்ல எறங்கி நின்னேன் பாருங்க, அன்னைக்கு இந்த மேடை ஆளுங்க யாரும் அங்க இல்ல. மச்சான் பழைய ஆட்டோவ ஓட்டக் குடுத்தாரு. அந்தப் பக்கம் கட்டாருக்கு அனுப்புறேன்னு ஒரு ஏஜென்ட் மூணு லட்சம் கேட்டுக்கிட்டு இருந்தான், அம்மாட காதுத் தோடத்தான் அடகு வெக்கணும்.

அப்ப பெட்ரோலுக்கு கியூஆர் கோட்டா, ஆட்டோவுக்கு கிழமைக்கு 5 லீட்டர் தான். மேல் லயத்து வரிசை வீட்டுல, கொழுந்தெடுத்து பென்சன்ல இருக்கிற ஒரு பாட்டிய ஞாயித்துக்கிழம சபைக்கு கொண்டு விடுவேன். விட்டுட்டு வீட்டுக்கு வந்து திரும்பப் போனா பெட்ரோல் காணாது, அதனால வெளியவே நிப்பேன். ஒருநாள் நல்ல மழை, உள்ள கூப்பிட்டாங்க. அவ்வளவு தான் கதை. பால்மா இல்லீங்க, பெட்ரோல் தான் என்ன சபைக்குக் கூட்டிட்டுப் போச்சு.

யாரும் என்ன எதுவும் கேக்கல. ஆபிரகாம் வீட்ட விட்டு கெளம்பினப்ப வயசு 75ன்னு வாசிச்சாங்க, எனக்கு மண்டையில நின்னது அந்த நம்பர் தான். அப்புறம் ஒரு நாள் அந்தப் பாட்டியோட ஆஸ்பத்திரி போயிட்டு இருட்டுக்குள்ள வாறோம், டிக்கோயா தாண்ட ஒரே பனி. எனக்கு அப்ப மலை ரோட்டுல ஓட்டிப் பழக்கமில்ல, பயத்துல ஹை பீம் போட்டேன், முன்னுக்கு வெள்ளச் சுவர். பின்னால இருந்து பாட்டி சொல்லுது, "லைட்ட பணிய எறக்கு தம்பி, தெரியிற அளவுக்கு மட்டும் போ." எறக்கினேன். ரோட்டு ஓரத்து வெள்ளக் கோடு தெரிஞ்சிச்சு. வீட்டுக்கு வந்து கட்டாருக்கு வரலன்னு ஏஜென்டுக்கு சொல்லிட்டேன்.

இத கர்த்தர் வழிநடத்துதல்னு நான் சொல்றேன், தற்செயல்னு நீங்க சொல்றீங்க, சொல்லுங்க. வானத்துல இருந்து சத்தம் கேட்டிச்சுன்னு நான் எங்கயாவது சொன்னேனா? எங்க சபையிலயே நான் குடிகாரனா இருந்து திருந்தினேன்னு சாட்சி சொல்லச் சொன்னாங்க, நான் குடிக்கிறதே இல்லயே பாஸ்டர்னு சொல்லி உக்காந்துட்டேன், அதுல கொஞ்ச பேருக்கு இன்னும் வருத்தம்.

வெள்ளக்காரன் மதம்னு சொல்றவங்களுக்கு. ஆமா, கோப்பிக் காலத்துல, 1854ல, துரைமார் முன்னுக்கு நின்னு ஆரம்பிச்ச மிசனுக்குப் பேரே தமிழ் கூலி மிசன், பேருலயே தெரியுது எங்கள எங்க வெச்சிருந்தாங்கன்னு. வார்லி சேர்ச் 1878ல கட்டினது, டூரிஸ்ட் ஹயர் போய் வாசல்ல நிப்பேன், அங்க கல்லறையில துரைமார் பேரெல்லாம் இருக்கு. எங்க தாத்தன் எந்தத் தேயிலத் தூருக்கு அடியிலன்னு எனக்குத் தெரியாது. அந்தக் கோவம் உங்களவிட எனக்கு ஜாஸ்தி. ஆனா தேயிலையும் வெள்ளக்காரன் நட்டது தானே, அதக் குடிச்சிட்டுத் தானே மேடையில ஏறினீங்க?

சபையில தசமபாகம்னு வருமானத்துல பத்துல ஒண்ணு வாங்குறாங்களேன்னு கேப்பீங்க. வாங்குறாங்க. அத இன்னொரு நாள் பேசுவோம்.

ஆத்தாள வித்தவனாம். எங்கப்பா உசிரோட இருந்த வரைக்கும் எங்க தோட்டத்துக் காவல் சாமி ரோதமுனிக்கு பொங்கல் வெச்ச மனுசன், அந்தக் கல்ல தாண்டும்போது நான் இன்னும் ஆட்டோவ ஸ்லோ பண்ணித்தான் போறேன். எங்கம்மா இன்னைக்கும் நெத்தி நெறைய விபூதி பூசுது, ஞாயித்துக்கிழம என் ஷர்ட்ட அயர்ன் பண்ணி வெக்கிறதும் அதே அம்மா தான். எங்களுக்குள்ள சண்டையே இல்ல, வெளிய இருக்கிற உங்களுக்கு என்ன?

வெளிய இருக்கிறவங்கன்னு எழுதிட்டேன். உண்மையில நான் வீடியோவ அஞ்சாறு தரம் பாத்தது பேசினவர பாக்க இல்ல. முன் வரிசையில ரெண்டாவது கதிரை. கை தட்டினது எங்க அண்ணன். அன்னைக்கு காலையில அந்தக் கதிரைகளையும் நான் தான் ஏத்திக்கிட்டு வந்தேன்.

மைக் செட் இன்னும் கோயில் ஸ்டோர்ல தான் கெடக்கு, திருப்பிக் கொண்டு போக யாரும் கூப்பிடல. கூப்பிட்டா வருவேன். இந்தத் தடவ ஹயர் காசு வாங்குவேன்.