களிம்பும் அறுவை சிகிச்சையும் ஒரே பலன் தருவதில்லை

மெலனோமா (நிறமி செல்களில் தோன்றும் புற்று) அல்லாத தோல் புற்றுநோய் எதுவானாலும், தோலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் இமிகுவிமோட் களிம்பு அறுவை சிகிச்சைக்கு நிகரானது என்று சொல்லப்படுவது சரியன்று. பிரிட்டனில் நடந்து, ஐந்தாண்டு முடிவுகள் 2017-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், அபாயம் குறைந்த பேசல் செல் புற்றுக்கு (மேல்தோலின் அடி அடுக்கு செல்களில் தோன்றும் தோல் புற்று) அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 97.7 சதவீதத்தினருக்கும், களிம்பு பூசியவர்களில் 82.5 சதவீதத்தினருக்கும் சிகிச்சை பலித்தது. இந்த வேறுபாட்டைச் சிறிதென்று ஒதுக்க முடியாது. ஆனாலும் மேலோட்டமாகப் படர்ந்த பேசல் செல் புற்று உள்ள ஒருவர், தழும்பைத் தவிர்க்க விரும்பி, மருத்துவரின் கண்காணிப்பில் களிம்பைத் தேர்ந்தெடுப்பது நியாயமான முடிவே (வாரக்கணக்கில் தோல் சிவந்து புண்ணாகும் என்பதைத்தான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள்). மூக்கு, கண் இமை, காது ஆகிய இடங்களில் வந்தாலோ, ஆழமாக ஊடுருவும் வகையானாலோ, ஒருமுறை நீக்கிய பின் திரும்பி வந்தாலோ நிலைமை வேறு. அங்கே, விளிம்புகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே அடுக்கடுக்காக அகற்றும் மோஸ் அறுவை முறைக்கே பெரும்பாலும் முன்னுரிமை தரப்படுகிறது. மேல்தோலின் தட்டையான செல்களில் தோன்றி ஊடுருவிய ஸ்குவாமஸ் செல் புற்றோ நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது என்பதால், அதற்குக் களிம்பை மாற்றாகச் சொல்வது ஆபத்தானது. அறுவை சிகிச்சை இயலாதவர்களுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை இருக்கிறது. எந்த வகை, எவ்வளவு ஆழம் என்பது திசுப் பரிசோதனையில் தெரியும் முன்பே களிம்பைப் பரிந்துரைப்பது முறையன்று.