ரிக்வயரும் வெரிஃபை-ஃபுல்லும் ஒன்றல்ல

"போஸ்ட்கிரெஸ் இணைப்பில் சான்றிதழ் பிழை வந்தால் எஸ்எஸ்எல்மோடை வெரிஃபை-ஃபுல்லில் இருந்து ரிக்வயருக்கு மாற்றிவிடுங்கள், பாதுகாப்பு அதேதான்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். (போஸ்ட்கிரெஸ் ஒரு தரவுத்தளம். அதனோடு இணையும்போது எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்று சொல்வது எஸ்எஸ்எல்மோட். வெரிஃபை-ஃபுல் சர்வரின் சான்றிதழையும் பெயரையும் சரிபார்க்கும்.) பிழை மறையும், சரி. ஆனால் பாதுகாப்பு அதே அல்ல.

ரிக்வயர் குறியாக்கம் மட்டும்தான் செய்யும். எதிர்முனையில் இருப்பது நம் சர்வர்தானா என்று பார்க்காது. சிஏவின், அதாவது சான்றிதழ் வழங்கும் அமைப்பின், ரூட் சான்றிதழ் கோப்பு நம் கணினியில் இருந்தால் வெரிஃபை-சிஏ போல நடந்துகொள்ளும்: சான்றிதழ் அந்தச் சிஏ வழங்கியதா என்று மட்டும் பார்க்கும். அப்போதும் பெயரைச் சரிபார்க்காது. அந்தக் கோப்பு இல்லையென்றால், நடுவில் புகுந்த ஒருவன் தானே ஒரு சான்றிதழை உருவாக்கிக் காட்டினாலும் இணைப்பு கிடைத்துவிடும். கடவுச்சொல்லைக்கூட அவனால் கேட்டு வாங்க முடியும்.

தரமணியில் எங்கள் அலுவலகத்திலிருந்து மும்பை சர்வருக்கு இணைத்தபோது எனக்கும் இதே பிழைதான் வந்தது. பார்த்தால், இணைப்பு வரியில் ஐபி முகவரி. சான்றிதழில் இருந்ததோ டொமைன் பெயர். ஐபியை எடுத்துவிட்டுப் பெயரைப் போட்டதும் வெரிஃபை-ஃபுல்லிலேயே இணைந்தது. ஐந்து நிமிட வேலை.

அதனால் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். ஹோஸ்ட் பெயர் பொருந்தவில்லை என்றால் பெயரைத் திருத்துங்கள். சரிபார்ப்பே தோற்றது என்றால் சிஏ சான்றிதழை வாங்கி, அதன் பாதையை இணைப்பு வரியில் எஸ்எஸ்எல்ரூட்செர்ட் என்ற இடத்தில் கொடுங்கள். பொதுச் சிஏ வழங்கிய சான்றிதழ் என்றால், கிளையன்ட் பதிப்பு 16 முதல் அங்கே சிஸ்டம் என்று எழுதினாலே போதும். அப்புறம், காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

நண்பரே, அந்தப் பதிலைத் தயவுசெய்து திருத்துங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள்.